அண்டா திறக்கும் நேரம்

அன்புள்ள தங்கைக்கு,

கலவை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எந்தக் கடையில் எத்தனை மணிக்கு மசால் வடை எண்ணெய்ச் சட்டியிலிருந்து எழும், எந்தக் கடை சால்னாவில் காரம் தூக்கல், எங்கே மதியம் இரண்டு மணிக்குமேல் போனால் ரசம் வெறும் தண்ணீராக இருக்கும் என்பதெல்லாம் உனக்கு மனப்பாடம். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும், திமிரி வழியாக ஆற்காட்டுக்கு பஸ் ஏறும்போதும் காதில் விழுந்தது, மூக்கில் ஏறியது. உன்னைப்போல் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே காணோமென்று தேடுவது இந்த அறிவைத்தான்.

போனில் பார்த்தால் ஆயிற்று என்பாய். தாராளமாகப் பார். கடை எங்கே இருக்கிறது, திறந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் அந்த நட்சத்திரங்களைப் போடுகிறவர் யார்? பிறந்தநாளுக்கு நாலு பேராக வந்து, இலையைப் படம் எடுத்து, ஒரே ஒரு தடவை சாப்பிட்டுப் போனவர். மாதத்தில் இருபத்தைந்து நாள் அதே பெஞ்சில் உட்கார்ந்து தன் காசில் சாப்பிடுகிறவர் நட்சத்திரமும் போடுவதில்லை, படமும் எடுப்பதில்லை. கை கழுவிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார். பெரிய ஊரில் நல்ல சாப்பாட்டைத் தேடுவதென்றால் அந்த ஆளைத் தேடுவதுதான். அவர் என்ன தொழில், எந்த ஊர்க்காரர், எத்தனை மணிக்கு அவருக்குப் பசிக்கும் என்று தெரிந்துவிட்டால் கடை தானாகக் கண்ணில் படும்.

இதைச் சோதித்துப் பார்க்க சென்ட்ரலைத் தாண்டி அதிக தூரம் போக வேண்டியதில்லை. காலையில் வாலாஜா ரோடில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால், ஆம்பூரிலேயே ஏறிவிட்ட தோல் வியாபாரிகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் பலருக்குச் சென்ட்ரலில் இறங்கியதும் போகிற இடம் பெரியமேடு. பாலாற்றங்கரைத் தொழிற்சாலைகளில் பதனிட்ட தோலுக்குச் சென்னையில் சந்தை அதுதான். சைடன்ஹாம்ஸ் ரோட்டிலும் அதன் சந்துகளிலும் தோல் மண்டி, செருப்புக் கடை, பதனிடும் ரசாயனம் விற்கிறவர், ஏற்றுமதி ஆபீஸ் என்று நம் பக்கத்துத் தொழில் முழுக்க ஒரு கூரையின் கீழ் இருப்பதுபோல் இருக்கும். அந்தச் சந்துகளில் தோல் வாசனையோடு பிரியாணி வாசனையும் வருவதற்குக் காரணம் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்கு ஊருக்குத் திரும்ப முடியாது. அவர்களை ஏமாற்றவும் முடியாது. அதே பிரியாணியை வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வெளியே வருகிறவர்கள் எந்தக் கடைக்குள் நுழைகிறார்கள் என்று எதிர்ப்பக்கம் ஐந்து நிமிடம் நின்று பார். எந்த விளம்பரப் பலகையையும் படிக்க வேண்டியிருக்காது.

பலகையை நம்பிக் கெட்டவர்கள் நிறைய. ‘ஒரிஜினல் ஆம்பூர் பிரியாணி’ என்று எழுதிய பலகை பெங்களூர் சாலை நெடுக இருக்கிறது. சென்னைக்குள் தெருவுக்கு ஒன்று. இதை எழுதுகிறவன் அப்படி ஒரு கடையில் சாயந்திரம் நாலு மணிக்கு உட்கார்ந்தான். வந்தது நீளநீளமான பாஸ்மதி, பாதி வெள்ளையும் பாதி ஆரஞ்சுமாக. ஆம்பூர் பிரியாணிக்கு அரிசி சீரக சம்பா. பெயருக்கேற்ற பொடி அரிசி, வெந்தாலும் நீளாது, மசாலாவை உறிஞ்சிக்கொள்ளும். நிறத்துக்கும் காரத்துக்கும் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதுதான். கலர்ப்பொடிக்கு அங்கே வேலையில்லை. முக்கால் வேக்காட்டில் கஞ்சி வடித்த அரிசியைக் கறியோடு சேர்த்து, மூடிமேல் தணல் அள்ளிப் போட்டு தம் போடுவார்கள். தொட்டுக்கொள்ள வெங்காயத் தயிரும் புளிப்பேறிய கத்திரிக்காயும் வரும். அந்தக் கத்திரிக்காய் வராத கடையில் பலகை என்ன சொன்னாலும் நம்பாதே. ஆம்பூர் ஸ்டார் பிரியாணிக் குடும்பம் தன் தொடக்கம் 1890 என்கிறது. கைப்பக்குவம் ஆற்காடு நவாபின் சமையல்கட்டிலிருந்து வந்தது என்பது அவர்கள் வீட்டு வரலாறு. ஆற்காடு உனக்குப் பக்கத்து ஊர். ஆகவே இந்த விஷயத்தில் சென்னைக்காரர்கள் சொல்வதைக் கேட்டு மிரளாதே.

அந்த நாலு மணிக் கடையில் இன்னொரு தப்பும் நடந்தது. அதில் கடைக்காரருக்குப் பங்கில்லை. பிரியாணி நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கிற பண்டம் அல்ல. அண்டா, நம் பக்கத்துப் பாய்மார்கள் வாயில் தேக்சா, மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு மூடி திறக்கும். அந்த முதல் ஆவியும் அதற்கடுத்த ஒரு மணி நேரமும்தான் அதன் வாழ்வு. மூன்று மணிக்கு அடியில் கிடப்பது காய்ந்த சோறும் உடைந்த கறியும். கடைக்குள் போனதும் “நல்லா இருக்குமா?” என்று கேட்காதே, எந்தக் கடையிலும் ஒரே பதில்தான் வரும். “அடுத்த அண்டா எப்போண்ணா இறங்கும்?” என்று கேள். ஏழு மணிக்கு என்றால் ஏழேகாலுக்குப் போ. இப்படிக் கேட்கிறவளை இரண்டாம் தடவை அவர்களே அடையாளம் வைத்துக்கொள்வார்கள்.

ஒரு ஊர் உண்மையில் என்ன சாப்பிடுகிறது என்பதும் அந்த ஊரின் பெயரில் அச்சடிக்கப்படும் பட்டியலும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்காதே. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆடு, கோழி இருந்தன; அந்த ஊரின் உழைப்பாளிகள் தினமும் சாப்பிடும் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை. எதிர்ப்புக் கிளம்பியது, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையம் கேள்வி கேட்டது, கடைசியில் மழையைக் காரணம் சொல்லி விழாவைத் தள்ளிவைத்தார்கள். ‘சென்னையில் தவறவிடக் கூடாத பத்து இடங்கள்’ என்று எதையாவது படிக்கும்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

பெரியமேட்டில் பார்த்த கணக்கு நகரம் முழுக்கச் செல்லும். திருவல்லிக்கேணியில் மேன்ஷன் என்று சொல்லும் ஆண்கள் விடுதிகள் எக்கச்சக்கம். அடுப்பு வைக்க அனுமதியில்லாத அறைகளில் வெளியூர்ப் பையன்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கியதால்தான் அங்கே மெஸ்கள் தழைத்தன. காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கி, கூப்பிடும்வரை நின்று, இலை போட்டதும் உட்கார்ந்து எழ வேண்டும். உபசாரம் கிடையாது, சோற்றில் குறையும் கிடையாது. பக்கத்துச் சேப்பாக்கத்தில் 1961 முதல் நடக்கும் நாயர் மெஸ்ஸுக்கு அரசு அலுவலக ஊழியர்களும் கிரிக்கெட் பார்க்க வருகிறவர்களும் வறுத்த மீனுக்காக வரிசை கட்டுவார்கள். மும்பையில் பஞ்சாலைகள் ஓடிய காலத்தில் கொங்கணத்திலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு மாதக் கணக்கில் சோறு போட்ட கானாவள்களும் இதே ரகம்தான். அவற்றில் பலவற்றை நடத்தியவர்கள் பெண்கள்.

திருவல்லிக்கேணி ரத்னா கபே 1948இல் தொடங்கியது. இட்லி மூழ்கிப்போகும்வரை சாம்பாரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இவ்வளவு தமிழ்நாட்டுச் சாம்பாருக்குப் பேர்போன கடையைத் தொடங்கிய குடும்பம் வடக்கே மதுராவிலிருந்து வந்தது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். நம் மதுரை இல்லை, கிருஷ்ணர் பிறந்த மதுரா.

பர்மா நூடுல்ஸான அத்தோவை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1960களில் பர்மாவில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது, தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறினார்கள். அவர்கள் பிழைப்புக்காக 1969இல் உருவானது பாரிமுனைப் பக்கத்து பர்மா பஜார். அவர்களோடு வந்த சாப்பாடு பீச் ஸ்டேஷன் எதிரே சாயந்திரம் தள்ளுவண்டி ஏறும். வண்டிக்காரரின் கையைப் பார். கிண்ணத்தில் ஒரு பிடி நூடுல்ஸ், சீவிய முட்டைகோஸ், பச்சை வெங்காயம். மேலே புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், நொறுக்கிய தட்டை. கையாலேயே பிசைந்து தட்டில் கவிழ்ப்பார். கூடவே வாழைத்தண்டு போட்ட சூடான சூப். வேகவைத்த முட்டையைப் பிளந்து வறுத்த வெங்காயமும் பூண்டும் திணித்துத் தருவதும் உண்டு. ஹோட்டல்களில் இதையே பீங்கான் தட்டில் வைத்து ஃபோர்க் கொடுக்கிறார்கள்; அது வேறு ஏதோ.

சௌகார்பேட்டையில் தங்கசாலைத் தெருவின் கச்சோரியும் ஜிலேபியும் அங்கே கடை போட்ட ராஜஸ்தான், குஜராத் வியாபாரிகளின் மாலைப் பசிக்கானவை. மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிய டிபன் கடைகளுக்கு விடியற்காலையில் போ; பத்து மணிக்குப் போனால் கூட்டம் மட்டும்தான் மிச்சம்.

மேன்ஷன் கதையெல்லாம் ஆம்பிளைப் பையன்களுக்கு, எனக்கென்ன என்று நீ கேட்பது நியாயம். தனியாகப் போகும் பெண்ணுக்கு இன்னொரு அடையாளம் உண்டு: நர்சுகள் சாப்பிடும் கடை. சென்ட்ரல் எதிரே அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது; எந்தப் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கமும் இப்படி ஒரு கடையாவது இருக்கும். டியூட்டி முடிந்து வருகிற பெண்கள் அவசரமாக, நிம்மதியாக, வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் சாப்பிட வேண்டும். அவர்கள் திரும்பத் திரும்ப வருகிற இடத்தில் ஒற்றையாக உட்கார்ந்து சாப்பிட உனக்கும் கூச்சம் இருக்காது.

உட்காருவதற்கு முன்னால் கை கழுவும் இடத்துக்குப் போய்வா. சமையல்கட்டை யாரும் காட்டமாட்டார்கள். வாஷ்பேசினை மறைக்க முடியாது. அது நாறினால் உள்ளே என்ன நடக்கிறதென்று ஊகித்துக்கொள்ளலாம். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் கடைச் சுவரில் தெரிய வேண்டும், 2022 ஜனவரி முதல் பில்லிலும் இருக்க வேண்டும். பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டி சட்டப்படியானது. ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தானாகச் சேர்ப்பது அப்படியல்ல. 2022 ஜூலையிலேயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கூடாதென்று சொல்லிவிட்டது. எடுத்துவிடச் சொல், சண்டை வேண்டாம், சொன்னால் எடுப்பார்கள். ஷவர்மா உனக்கு உயிர் என்று தெரியும். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை போட்டது சும்மா இல்லை. வெயிலில் வைத்த வெள்ளை டப்பாவைக் கண்டால் நகர்ந்துவிடு.

முதல் சம்பளம் வரும்வரை கை கடிக்கும். அதற்கு அம்மா உணவகம் இருக்கிறது. 2013இல் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று என்று தொடங்கியது. ஆட்டோக்காரரும் மூட்டை தூக்குகிறவரும் கம்ப்யூட்டர் படித்த பையனும் நிற்கிற வரிசை. அங்கே நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கத்தில் நிற்கிறவரிடம் பேச்சுக் கொடுத்தால் அந்த வட்டாரத்தில் நல்ல மீன் குழம்பு எங்கே என்று தெரிந்துவிடும்.

புறப்படும் அன்று ஆற்காட்டில் பத்து நிமிடம் இறங்கி ஒரு டப்பா மக்கன் பேடா வாங்கிக்கொள். ஹாஸ்டலில் உன் அறைப்பெண்கள் தேனியோ தூத்துக்குடியோ, யாருக்கும் அது தெரிந்திருக்காது. குலாப் ஜாமூன்தானே என்பார்கள்; கடித்து உள்ளே முந்திரியும் பாதாமும் தட்டுப்பட்டதும் எந்த ஊர் என்று கேட்பார்கள். அப்போது நீயும் கேள், அவர்கள் தினமும் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று. பாகில் ஊறிய பண்டம், இரண்டு நாளுக்குமேல் வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
உன் அண்ணன்