தாத்தா சைக்கிள் பிரேக் பிடிக்கலையா?

பழைய ராடு பிரேக் சைக்கிள், எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கிட்டே போகுதா? உராய்வு குறைவதே காரணம். குரோமியம் பூசிய இரும்பு ரிம் வழவழப்பானது. நனைந்தால் பிடிமானம் மிகவும் குறையும். நாள்பட்ட ரப்பர் கட்டையும் இறுகிவிடும்.

செய்ய வேண்டியவை:

1. ரிம்மில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைக்கவும்.

2. கட்டையின் பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கவும். தேய்ந்த கட்டை என்றால் புதுசு மாட்டவும்.

3. கட்டை முழுவதும் ரிம்மில் படணும், ஸ்போக்கில் உரசக்கூடாது.

4. ராடு நட்டைத் தளர்த்தி, 2–3 மி.மீ. இடைவெளி வைத்து இறுக்கவும்.

5. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கவும். நிற்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போவதால், பின்பிரேக் மட்டும் போதாது.

முதலில் தள்ளிப் பார்த்துச் சோதிங்க. பிரேக் சரியாகும்வரை தங்கச்சியைக் கேரியரில் ஏத்தாதீங்க!