சாக்கடையில் கொட்டுவது எங்கே போகிறது?



2020 செப்டம்பர் 3-ஆம் தேதி நினைவிருக்கிறதா? பைப்பைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் 1,292 இடங்களில் தண்ணீர்த் தடை. தோம்பையும் வாளியையும் தூக்கிக்கொண்டு ஜனங்கள் அலைந்தார்கள்.

காரணம், நம் ரவாங்கில் ஓடும் சுங்கை கோங் என்ற சின்ன ஆறு. அதில் தின்னர் மாதிரியான கரைப்பான் வாடை வீசியது. அந்தத் தண்ணீர் சுங்கை செம்பா வழியாகச் சுங்கை சிலாங்கூரில் சேருகிறது. அதனால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்த வேண்டியதாயிற்று.

"சுத்தம் பண்ணுகிற இடம்தானே, இதையும் பண்ணினால் என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே நடப்பதைப் பாருங்கள்:

1. கலங்கல் தண்ணீரில் படிகாரம் போடுவார்கள். பொடி மண் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும்.
2. பெரிய தொட்டியில் அந்தத் திரள் அடியில் படியும்.
3. மிச்சத்தை மணல் வடிகட்டும்.
4. தப்பிய கிருமிகளைக் குளோரின் கொல்லும்.

இவை மண்ணையும் கிருமியையும் நீக்கும் வேலைகள். தண்ணீரோடு கரைந்துவிட்ட கரைப்பான் சுலபத்தில் படியாது, மணலிலும் நிற்காது. கரித்தூள் ஓரளவு வாடையை இழுக்கும். அளவு மிஞ்சினால் அதுவும் போதாது. அப்போது ஆற்றுத் தண்ணீரை எடுக்காமல் நிறுத்துவதே பாதுகாப்பு.

வீட்டு அடுப்பும் அப்படித்தான். காய்ச்சினால் கிருமி சாகும். களைக்கொல்லியும் எண்ணெயும் போகாது. மருந்து வாடை அடிக்கிற தண்ணீரைக் காய்ச்சியும் குடிக்காதீர்கள், பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள்.

"அது தொழிற்சாலைக் கழிவு, நமக்கென்ன?" என்று இருந்துவிடலாமா? தோட்டத்து வாய்க்காலும் ஆற்றுக்குத்தான் போகிறது. ஆகவே:

• மருந்து டப்பாவை மூன்று தடவை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிக்கும் தொட்டியிலேயே ஊற்றுங்கள். பிறகு டப்பாவில் ஓட்டை போடுங்கள். அதில் குடிதண்ணீர் பிடிக்கவே கூடாது.
• மோட்டார் சைக்கிள் கறுப்பு எண்ணெயை வாய்க்காலில் ஊற்றாமல், பட்டறையில் கொடுங்கள்.
• மருந்து அடித்த பம்பை ஆற்றிலோ கிணற்றடியிலோ கழுவாதீர்கள். கழுவத் தனி இடம் கேட்பது உங்கள் உரிமை. நிர்வாகத்திடம் சங்கத்தின் மூலம் கேளுங்கள்.

ஆற்றில் வாடையோ எண்ணெய்ப் படலமோ தெரிந்தால் உடனே சொல்லுங்கள். நீங்கள் முந்திச் சொன்னால், ஆயிரம் வீட்டுக் குழந்தைகள் நல்ல தண்ணீர் குடிப்பார்கள்.