வலைச் செயலிகளில் வழு நீக்கலும் இற்றைப்படுத்தலும்

யாவா மொழியில் வலைச் செயலி அமைப்போர் பெரும்பாலும் சட்டகமொன்றைப் பயன்படுத்துவர். சட்டகம் என்பது செயலிகளுக்குப் பொதுவான பகுதிகள் முன்கூட்டியே எழுதப்பட்ட செய்நிரல் தொகுதியாகும்.
உதாரணம்: ஸ்ரட்ஸ், ஸ்பிரிங்

வழுவை இனங்காணல்
1. 404 - கேட்ட பக்கம் சேவையகத்தில் கிடைக்கவில்லை. முகவரியைச் சரிபார்க்க.
2. 500 - சேவையகத்தினுள் வழு ஏற்பட்டுள்ளது. பதிவுக் கோப்பில் வழுவின் பெயரையும் வரி இலக்கத்தையும் பார்க்க.

வழு சட்டகத்திலேயே இருப்பின், அதன் திருத்திய பதிப்பை நிறுவ வேண்டும்.

மாதிரி வினா
சட்டகத்தை உடனுக்குடன் இற்றைப்படுத்துவது ஏன் அவசியம்? உதாரணம் தருக.

விடை
வழு வெளிப்பட்டதும் ஊடுருவுவோரும் அதனை அறிந்துகொள்வர். ஸ்ரட்ஸ் 2 சட்டகத்தில், கோப்புப் பதிவேற்றத்தின்போது பிழைச்செய்தி தயாரிக்கும் பகுதி, வெளியார் அனுப்பிய கட்டளையையே இயக்கியது. 2017 மார்ச்சில் திருத்திய பதிப்பு வெளிவந்தது. அமெரிக்காவின் ஈக்விபாக்ஸ் நிறுவனம் தனது செயலியொன்றில் அதனை நிறுவவில்லை. மே மாதத்தில் அவ்வழியே ஊடுருவல் நிகழ்ந்தது. ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் சொந்தத் தரவுகள் களவாடப்பட்டன.

கவனிக்க: புதிய பதிப்பை முதலில் செயலியின் பிரதியொன்றில் சோதித்த பின்னரே நிறுவுதல் வேண்டும். ஆயினும் சோதனையைக் காரணங்காட்டித் தாமதிக்கலாகாது.