வினாமொழிக்கு ஒரு புதுக்குறி

நாஞ்சில் நாட்டுச் சரித்திரத்தை ஆராய்வார்க்குப் பெருந்துணையாவன அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் (1876–1954) இவற்றை ஆராய்ந்து இவற்றின் அருமையை யாவர்க்கும் புலப்படுத்தினார்கள். கொல்லமாண்டு இட்டு எழுதப்பெற்ற இத்தகைய ஆவணங்களைக் கணிப்பொறியிற் பதிந்து வினாவுங்கால் எழும் ஓர் இடரையும், அதனைப் புதுக்குறியொன்றால் நீக்குமாற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

செய்திகளை அட்டவணைகளாக வகுத்து வைக்கும் முறையை 1970-ல் காட் என்பார் வெளியிட்டார். அவ்வட்டவணைகளை வினாவுதற்குரிய எஸ்.கியூ.எல். என்னும் மொழியைச் சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் 1974-ல் வகுத்தனர். ஆனால் அட்டவணையில் எல்லா வரிசைக்கும் கட்டங்கள் ஒன்றே. ஓலைகளோ அத்தன்மையன அல்ல. ஒன்றில் சாட்சிகளின் பெயர் இருக்கும். மற்றொன்றில் நிலத்தின் நான்கெல்லை இருக்கும். இவ்வாறு வேறுபடுவனவற்றைப் பெயரும் மதிப்புமாக இணைத்து எழுதும் முறையே ஜேசான். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுப்பொறி இதனை 2012-ல் ஏற்றது. விரைந்து தேடுதற்கேற்ற ஜேசான்பி வடிவத்தை 2014-ல் சேர்த்தது. அதன்கண் '->>' என்னும் குறி, பெயரைக் கொண்டு மதிப்பை எழுத்தாக எடுத்துத் தரும். '@>' என்னும் குறி, ஓர் ஆவணம் மற்றொன்றைத் தன்னுள் அடக்கியுள்ளதா என வினாவும்.

இனி, மார்த்தாண்டவர்மர் பட்டமெய்திய 1729-ஆம் ஆண்டிற்கு முற்பட்ட ஓலைகள் எவை என வினாவுவோமாக. '904' என்னும் கொல்லமாண்டை '1729' என்பதனோடு எழுத்தாக ஒப்பிட்டால், ஒன்பது ஒன்றிற்குப் பிற்பட்டதாதலின் விடை பிழைபடும். எண்ணாக ஒப்பிட்டாலோ எல்லா ஓலைகளும் முற்பட்டனவாகத் தோன்றும். இருவகை ஆண்டுகளின் உறவை உள்ளிருக்கும் குறிகள் அறியா.

1986-ல் பெர்க்லி சர்வகலாசாலையில் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய இப்பொறி, தன் குறிகளையும் ஓர் அட்டவணையிலேயே வைத்துள்ளது. ஆதலின் பொறியைத் திருத்தாமலே புதுக்குறி சேர்க்கலாம். முதலில், ஓர் ஆவணத்தையும் ஓர் ஆண்டையும் ஏற்று விடை தரும் செயற்கூறு ஒன்றை எழுதல் வேண்டும். பின்னர், 'கிரியேட் ஆபரேட்டர்' என்னும் கட்டளையால் '%<' போன்றதொரு குறியை அதற்குப் பெயராக்கி, இடப்புறம் ஜேசான்பி, வலப்புறம் முழு எண் என வரையறுத்தல் வேண்டும். 'முற்பட்டதன்று' எனப் பொருள்படும் '%>=' என்பதனை அதன் எதிர்க்குறியாகவும் அறிவிக்கலாம். அங்ஙனம் அறிவிப்பின், 'இல்லை' என்னும் சொல் முன்வருமிடத்துப் பொறி தானே எதிர்க்குறியை மாற்றி வைத்துக்கொள்ளும்.

இங்கேதான் விழிப்பு வேண்டும். கொல்லமாண்டு 903 என்பது 1727-28, அவ்வோலை முற்பட்டதே. 905 என்பது 1729-30; அது முற்பட்டதன்று. 904-ஆம் ஆண்டோ 1728 ஆவணியில் தொடங்கி 1729 ஆடியில் முடிவது. ஓலையில் மாதம் இல்லையேல் விடை 'ஆம்' என்பதுமன்று, 'அன்று' என்பதுமன்று. ஆண்டே சிதைந்துபோன ஓலைக்கும் இஃதொக்கும். இத்தகைய இடங்களில் செயற்கூறு 'நல்' என்னும் அறியாமை விடையையே தருதல் வேண்டும். அவ்வாறன்றி 'அன்று' எனக் கூறிவிட்டால், எதிர்வினா எழுப்புங்கால் ஆண்டறியா ஓலைகளும் 1729-க்குப் பிற்பட்டனவாக எண்ணப்படும். பொறி பிழையென்று கூவாது. ஆராய்ச்சியாளன் பொய்யையே சரித்திரமென எழுதுவான். 'நல்' விடை பெற்ற ஓலைகள் இரு வினாக்களிலும் அகப்படாவாதலின், 'இஸ் நல்' என மூன்றாம் வினாவையும் எழுப்பி அவற்றைத் தனியே எடுத்துக் கண்ணாற் காண்டல் கடன்.

மற்றொன்றும் அறியத்தக்கது. புதுக்குறி பிறந்தவுடன் விரைவும் உடன்பிறப்பதன்று. '@>' என்னும் குறிக்கு உதவும் ஜின் என்னும் தேடற்சுட்டு, நம் குறிக்கு உதவாது. பொறி ஒவ்வோர் ஆவணமாகப் புரட்டியே விடை காணும். ஓலைகள் சில நூறாயின் அதனாற் கேடில்லை. பல இலட்சமாயின், ஒவ்வொன்றின் தொடக்க ஆண்டையும் முடிவாண்டையும் முன்னரே கணித்துத் தனிக் கட்டங்களிலிட்டு, அவற்றிற்குச் சுட்டு அமைத்து, அவற்றையே வினாவுதல் நன்று.

குறியொன்றைச் சேர்ப்பது மொழிக்கு ஒரு சொல்லைச் சேர்ப்பதை ஒக்கும். அதனைப் படைத்தவனை அறியாத பலரும் அதனை நம்பி வழங்குவர். ஆகவே அக்குறி 'ஆம்' எனவும் 'அன்று' எனவும் கூறுமிடங்களை மட்டுமன்றி, 'அறியேன்' எனக் கூறவேண்டிய இடங்களையும் வகுத்துச் சோதித்த பின்னரே அதனை வழக்கிற்கு விடுதல் கற்றார்க்கு அழகாம்.