சொன்னதும் சொல்லாததும்

நுழையும்முன்

விளம்பரம் விற்பவரின் மொழி. அதில் இருக்கும் சொற்களைப் படிப்பது எளிது. இல்லாத சொற்களைப் படிப்பதற்குப் பயிற்சி வேண்டும். பழைய லாரி ஒன்றை விற்க எழுதப்படும் சில வரிகளைக் கொண்டு அப்பயிற்சியைத் தருகிறது இப்பாடம்.

சேலத்திலிருந்து பிரிந்து 1997இல் தனி மாவட்டமானது நாமக்கல். முட்டைக்குப் பெயர் பெற்ற இம்மண் லாரிக்கும் பெயர் பெற்றது. நாமக்கல் பட்டறைகளில் லாரிகளுக்குக் கூண்டு கட்டுகின்றனர். ‘பாடி கட்டுதல்’ என்பது ஊர் வழக்கு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்ட வடமாநிலங்கள்வரை செல்கின்றன. சங்ககிரியின் டிஎன் 52 என்னும் எண்ணைத் தாங்கிய லாரியை நாட்டின் தொலைதூர நெடுஞ்சாலைகளிலும் காணலாம்.

கிளீனராகத் தொடங்கி, ஓட்டுநராகி, ஒருநாள் சொந்த வண்டிக்கு உரிமையாளராவது இப்பகுதியில் பலரின் வாழ்க்கைக் கனவு. அந்த முதல் வண்டி பழைய வண்டியாகவே இருக்கும். கையிருப்பு, வீட்டு நகையை அடகு வைத்த பணம், நிதி நிறுவனக் கடன் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது வாசலுக்கு வரும். வண்டி நின்றால் வருவாய் நிற்கும். மாதத் தவணை நிற்காது. எனவே, அவர்கள் படிக்கும் விளம்பரத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் விலையுண்டு. மாதிரிக்கு ஒன்று:

“பத்து சக்கர லாரி விற்பனைக்கு. 2015 மாடல். சிங்கிள் ஓனர். என்ஜின் வேலை பார்க்கப்பட்டது. டயர் 80 சதவீதம். எஃப்.சி., இன்சூரன்ஸ் கரண்டில் உள்ளது. பாடி புதிது. நல்ல ரன்னிங் கண்டிஷன்.”

இதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆயினும், வண்டியின் உண்மை நிலை இதில் இல்லை.

ஆண்டு, உரிமையாளர் எண்ணிக்கை, தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவை ஆவணத்தில் சரிபார்க்கத் தக்கவை. பதிவுச் சான்றிலும் ‘பரிவாகன்’ இணையதளத்திலும் அவற்றைக் காணலாம். அவற்றிலும் இடைவெளிகள் உண்டு. உரிமையாளர் ஒருவரே என்பதால் ஓட்டியவரும் ஒருவரே என்றாகாது. சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது விதி. 2015ஆம் ஆண்டு வண்டி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. சான்று ‘கரண்டில் உள்ளது’ என்றால் இன்னும் பதினொரு மாதம் செல்லும் என்றும் கொள்ளலாம். அடுத்த வாரம் முடிகிறது என்றும் கொள்ளலாம். பின்னது உண்மையாயின், விற்பவர் தள்ளிப்போட்ட பழுதுகளெல்லாம் வாங்குபவர் தலையில் விழும்.

‘80 சதவீதம்’ என்பது அளவுபோல் தோன்றுகிறது. எதில் 80? பத்து டயர்களிலுமா, கண்ணில் படும் முன்டயர் இரண்டில் மட்டுமா? தேய்ந்த டயரின்மேல் புதிய ரப்பரை ஒட்டும் ரீட்ரெடிங் முறையில் கிடைத்த 80ஆ? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். விளம்பரம் கூறாத வயதை டயரே கூறிவிடும்.

‘என்ஜின் வேலை பார்க்கப்பட்டது’ என்னும் தொடரை இலக்கணக் கண்ணால் நோக்குக. இது செயப்பாட்டுவினை. பார்த்தவர் யார், எப்போது, என்ன வேலை என்பன மறைந்துவிட்டன. என்ஜினை முழுதும் பிரித்துப் புதிய பிஸ்டன் போட்டதும் வேலைதான். எண்ணெய்க் கசிவை அடைத்ததும் வேலைதான். ரசீதைக் கேட்பவருக்கே எழுவாயும் காலமும் கிடைக்கும். பட்டறி உள்ளவர்கள் காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போதே சென்று பார்ப்பர். போனவுடன் என்ஜினைத் தொட்டுப் பார்ப்பதும் உண்டு; முன்பே ஓடவிட்டுச் சூடேற்றிய என்ஜின், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் குறையை மறைத்துவிடும். புகையும் பேசும். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் டீசல் முழுமையாக எரியவில்லை. வெண்புகை நில்லாமல் வந்துகொண்டே இருந்தால், குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

‘பாடி புதிது’ என்பதும் அத்தகையதே. பழைய கூண்டு ஏன் போயிற்று? துருப்பிடித்துப் போயிருக்கலாம்; வண்டி கவிழ்ந்தும் இருக்கலாம். சேஸின் விரிசலையும் வெல்டிங் தழும்பையும் புதிய வண்ணப்பூச்சு மூடிவிடும். மினுக்கும் கூண்டை மேலிருந்து பாராமல், ஸ்பிரிங் பட்டைகள் பொருந்தும் இடத்தைக் கீழே குனிந்து பார்ப்பவரே வண்டியைப் பார்த்தவர். சேஸில் பொறித்த எண் பதிவுச் சான்றின் எண்ணோடு ஒத்திருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

எல்லாவற்றிலும் பெரிய மௌனம் வேறொன்று. கடனைப் பற்றி விளம்பரம் வாய்திறக்கவில்லை. பதிவுச் சான்றில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்குமாயின், கடன் முடிந்ததற்கான படிவம் 35 அந்நிறுவனத்திடமிருந்து வர வேண்டும். அல்லது உரிமை மாற்றத்திற்கு அதன் இசைவு வேண்டும். பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிய பின்னும் வண்டி சட்டப்படி தம்முடையதாகாமல் தவிப்போர், இந்த ஒரு வினாவைக் கேட்க மறந்தவர்களே.

வினா எழுப்பினால் விடை வரும். ஆனால், நன்னூல் கூறும் எட்டு வகை விடைகளில் எவ்வகை வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். “என்ஜின் பிரித்து வேலை பார்த்ததா?” என்ற வினாவுக்கு “பார்த்தது” என்பது நேர்விடை. “நீங்களே வந்து பாருங்கள்” என்பது ஏவல் விடை. “ஓடாத வண்டியையா விற்பேன்?” என்பது வினா எதிர் வினாதல். “பாடி புதிதாகக் கட்டியது” என்றால், அஃது இனமொழி விடை. என்ஜினைப் பற்றிக் கேட்டவருக்குக் கூண்டைப் பற்றிய விடை கிடைத்தால், கேட்ட இடத்தில்தான் குறை இருக்கிறதோ என ஐயுறுவது முறையே. நேர்விடையோ மறைவிடையோ வரும்வரை அதே வினாவைப் பணிவுடன் மீண்டும் கேட்கலாம்.

சட்டமும் இங்கு வினாவின் பக்கமே நிற்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில், ஒரு குதிரையை எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவர் அந்நோயைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. அவ்வாறு வாளாவிருத்தல் மட்டுமே மோசடியாகாது. ஆனால், வாங்குபவர் “நீங்கள் மறுக்காவிடில் குதிரை நலமாக உள்ளதென்றே கொள்வேன்” என்று கூற, விற்பவர் பேசாதிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். கேளாதவரிடம் வெறும் மௌனமாக இருந்தது, கேட்டவரிடம் விடையாக மாறிவிடுகிறது! லாரிகள் நம் சாலைக்கு வருமுன் எழுதப்பட்ட இவ்வெடுத்துக்காட்டு நாமக்கல் சந்தைக்கும் பொருந்துகிறது.

இம்மௌனத்தால் நேர்மையாக விற்பவருக்கும் இழப்புண்டு. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையைக் கொண்டு இதனை விளக்கினார். நல்ல வண்டியையும் கெட்ட வண்டியையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது, இரண்டுக்கும் பொதுவாக ஒரு நடுத்தர விலையையே தர முன்வருவார். அவ்விலை நல்ல வண்டிக்குக் கட்டாது; அதன் உரிமையாளர் சந்தையை விட்டு விலகுவார். எஞ்சுபவை கெட்டவையே. அவர் 2001இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நல்ல வண்டியை வைத்திருப்பவர் என்ன எழுதலாம்? “என்ஜின் 2023இல் பிரித்து வேலை பார்த்தேன், ரசீது உண்டு. பின்டயர் எட்டில் நான்கு ரீட்ரெட். எஃப்.சி. இன்னும் ஐந்து மாதம். கடன் முடிந்தது, படிவம் 35 கையில் உள்ளது. இரண்டாம் கியர் விழுவது சற்றுக் கடினம்.” கடைசித் தொடர் விலையில் சிறிது குறைக்கக்கூடும். முன்னுள்ள நான்கு தொடர்களையும் நம்பவைப்பதும் அதுவே.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் வெளியான பழைய விசைத்தறி, ரிக் வண்டி, டிராக்டர் ஆகியவற்றுள் ஒன்றன் விற்பனை விளம்பரத்தை எடுத்துக்கொண்டு, அது சொல்லாமல் விட்டவற்றை ஐந்து வினாக்களாக எழுதுக. உம் நண்பர் ஒருவரை விற்பவராக விடையளிக்கச் செய்து, ஒவ்வொரு விடையும் எவ்வகை என வகுப்பறையில் கூறுக.