நிலம் வாங்குமுன் பதிவேட்டைப் பாருங்கள்

ஐம்பதுகளில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, அவற்றிலேயே பிறந்து வளர்ந்த தொழிலாளர் பலர் வேலையையும் லயத்து வீட்டையும் ஒருசேர இழந்தனர். அந்நிலை கண்டு துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோறும் சென்று, மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் திரட்டினார். சங்கம் முதலில் வாங்கியது கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம்.

அன்று சங்கம் முன்னின்று வாங்கிற்று. இன்று ஜொகூர்த் தோட்டங்களில் நம்மவர் தனித்தனியே மனை வாங்க முற்படுகின்றனர். பெரும்பாலும் சேமநிதிப் பணமே முதல். அது மறுமுறை கிடைக்கும் பணமன்று.

குளுவாங் வட்டாரத்தில் பெரியவர் ஒருவர் முத்திரையிட்ட தாளொன்றை என்னிடம் காட்டி, “ஐயா, இதுதான் என் கிராண்ட்” என்றார். அது வெறும் முன்பண ஒப்பந்தம். நில அலுவலகத்தில் விசாரித்தபோது, நிலம் வேறொருவர் பெயரில் இருந்தது. வங்கியிலும் அடகு வைக்கப்பட்டிருந்தது. அவருக்கு என்ன மறுமொழி கூறுவதென்று எனக்குத் தெரியவில்லை.

1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, பதிவேட்டில் பெயர் ஏறியவரே உரிமையாளர். ஆதலின் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே லாட் எண்ணையும் கிராண்ட் எண்ணையும் கேட்டுப் பெறுங்கள். நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, ‘சாரியான் ரஸ்மி’ எனப்படும் அதிகாரப்பூர்வச் சான்றை எடுங்கள். உரிமையாளர் யார், அடமானமோ கேவியட்டோ உண்டா, நிலம் விவசாயத்திற்குரியதா வீடு கட்டுவதற்குரியதா, குத்தகையாயின் எத்தனை ஆண்டு எஞ்சியுள்ளது என்பனவெல்லாம் அதில் விளங்கும். மலாய் ஒதுக்கீட்டு நிலமாயின் நம் பெயருக்கு மாறாது.

இன்னொரு கண்ணி, ‘பங்கு நிலம்’. ஓர் ஏக்கர் விவசாய நிலத்தைப் பத்துப் பேருக்குக் கூறுபோட்டு, வேலிக்கல்லும் நட்டுக் காட்டுவர். ஆனால் விவசாய நிலத்தைச் சாதாரணமாக ஐந்தில் இரண்டு ஹெக்டருக்கு, அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கருக்குக் கீழே பிரிக்கச் சட்டம் இடந்தராது. பத்துப் பெயரும் ஒரே கிராண்டில் இருக்கும். உங்கள் மூலை எதுவென்று அது சொல்லாது. பிற்காலத்தில் அடகு வைக்கவோ விற்கவோ முயலும்போதுதான் இடர் புலப்படும். விலை மலிவு என்பதற்காக இதில் இறங்காதிருப்பதே நன்று.

வழக்கறிஞர் உங்களுக்காக நியமிக்கப்பட்டவராக இருக்கட்டும். விற்பவரின் வழக்கறிஞர் விற்பவருக்கே பொறுப்பானவர். ஒப்பந்தம் கையெழுத்தானவுடன் உங்கள் பெயரில் கேவியட் பதியச் சொல்லுங்கள். மீதிப் பணத்தைச் செலுத்துமுன் மீண்டும் ஒருமுறை சாரியான் எடுங்கள். இடைப்பட்ட நாள்களிலும் பதிவேடு மாறக்கூடும்.