விளக்கு வைத்ததும் வரும் புகை

கேள்வி: வாலாஜாபாத்தில் வீட்டோடு தறி வைத்திருக்கிறோம். பின்னால் உள்ள காலி மனையில் பழைய இரும்பு வியாபாரி ஒருவர், செம்பு எடுப்பதற்காக இரவில் ஒயர்களைக் கொளுத்துகிறார். கரி பறந்து வந்து பாவின் மேல் விழுகிறது. மாமியாருக்கு மூச்சிரைப்பு. வாய்விட்டுப் பலமுறை சொல்லியும் நிற்கவில்லை. யாரிடம், எப்படிப் புகார் செய்வது?

பதில்: வாயால் சொன்னது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது, அம்மா. இன்றிரவே ஒரு நோட்டு எடுத்து, தீ வைத்த நேரம், அணைந்த நேரம், மாமியார் பட்ட பாடு எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வாருங்கள். கரி விழுந்த பாவையும் படம் எடுங்கள். வெளிர்நிறப் பட்டில் பட்ட கரியைத் துடைத்தால் இன்னும் பரவும் என்பது உங்களுக்குத் தெரியும், மனுவைப் படிக்கும் அதிகாரிக்குத் தெரியாது. டாக்டர் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

முதல் மனு பேரூராட்சி செயல் அலுவலருக்கு. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே தடை செய்து, 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் வசூலிக்க உத்தரவிட்டது. நகல் ஒன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் போகட்டும். எரிவது ஒயரின் பிவிசி உறை என்று அதில் தெளிவாகச் சொல்லுங்கள். அந்தப் புகையில் டையாக்சின் போன்ற நச்சுகள் இருக்கும். இரண்டிலும் தேதியிட்ட முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

அதற்கும் அசையவில்லையென்றால் காஞ்சிபுரம் கோட்டாட்சியரிடம் போங்கள். பலரும் மறந்துவிடுகிற வழி இது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு (பழைய 133), ஊராரின் உடல்நலத்தைக் கெடுக்கும் தொழிலை நிறுத்தும்படி உத்தரவிட அவருக்கு அதிகாரம் தருகிறது. முறைப்படி போட்ட அந்த உத்தரவை எதிர்த்து சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது. ஆனால் 'ஊரார்' என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஒரு வீட்டின் புகார் என்றால், அண்டை வீட்டுத் தகராறு என்று தள்ளிவிடுவார்கள். புகை எட்டுகிற தெருக்காரர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரவாசிகள் நாறும் சாக்கடைக்கு எதிராக இந்தப் பிரிவைத்தான் பிடித்தார்கள். நகராட்சி பணமில்லை என்றது. 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. மக்களின் சுகாதாரத்தைக் காக்கும் கடமைக்கு நிதியில்லை என்பது சாக்காகாது என்றார். உங்களிடமும் 'ஆள் இல்லை, வண்டி இல்லை' என்று யாராவது சொன்னால், இந்த வழக்கை மனுவிலேயே குறிப்பிடுங்கள்.

சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கும் போகலாம். தொல்லை முதலில் தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். பாழான பட்டுக்கு ஈடு கேட்பதானால் ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1996-ல் நிலைநாட்டியது, நம் பாலாற்றைக் கெடுத்த வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில்தான்.

இதற்கிடையே இரவில் போய் அந்த ஆளோடு வாக்குவாதம் வேண்டாம். தீ பெரிதானால் 112-ஐ அழையுங்கள், அழைத்த நேரத்தை நோட்டில் குறியுங்கள்.